மருத்துவத்துறை ஊழல்: ‘எவ்வளவு’ என்று கேட்ட அன்றும் ‘ஏன்’ என்று கேட்கும் இன்றும்

1996இல் அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸில் நகர நிர்வாகம் புதிய கைகளுக்கு வந்தது. வந்த சூட்டோடு, நகரின் 33 பொது மருத்துவமனைகளிடமும் அது ஒரு கேள்வி கேட்டது: சலைன், ஆல்கஹால் போன்ற சாதாரணப் பொருட்களை என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்? வந்த விலைகளைப் பட்டியலாக்கி எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பிவைத்தது. எங்கே வாங்கினாலும் சரக்கு ஒன்றுதான். விலை மட்டும் ஏன் வேறு என்று கேட்க ஆள் இருக்கிறது எனத் தெரிந்ததும், முதல் ஒன்பது மாதங்களில் விலைகள் 15 சதவீதம் இறங்கின. பிறகு கொஞ்சம் ஏறின. ஆனாலும் பழைய விலையைவிட 10 சதவீதம் கீழேயே நின்றன.

ரஃபேல் டி டெல்லா, எர்னஸ்டோ ஷார்கிரோட்ஸ்கி என்ற இரு பொருளியலாளர்கள் இதை 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மிச்சமான பணத்தைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்றை அந்தக் கட்டுரை செய்தது. மருத்துவமனை ஊழலைப் பற்றிப் புலம்பத்தான் முடியும், அளக்க முடியாது என்ற நினைப்பை அது உடைத்தது. அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் இந்த ஆராய்ச்சியின் கேள்விகள் மாறியிருக்கின்றன, கேட்கிறவர்களும் மாறியிருக்கிறார்கள். மருந்துக்கும் மகப்பேற்றுக்கும் அரசு மருத்துவமனையையே நம்பியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த மாற்றத்தில் பங்கு உண்டு என்பதால், அதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாய் திறக்காத காலம்

1990களின் நடுப்பகுதி வரை, உலகச் சுகாதாரத்துக்குப் பணம் கொடுத்த பெரிய நிறுவனங்கள் ஊழலைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. அரசியலில் தலையிடக்கூடாது என்பது உலக வங்கியின் சாசன விதி. ஊழல் அரசியல் சங்கதி, நமக்கு எதற்கு என்று அது ஒதுங்கியே இருந்தது. அங்கே பணியாற்றிய பீட்டர் ஐகன் வெளியேறி, தோழர்களுடன் சேர்ந்து 1993இல் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கினார். 1995இல் அவ்வமைப்பின் முதல் ஊழல் பட்டியல் 41 நாடுகளை வரிசைப்படுத்தியது. மறு ஆண்டு அக்டோபரில் உலக வங்கியின் தலைவர் ஜேம்ஸ் உல்ஃபென்சன் ஆண்டுக் கூட்டத்திலேயே ஊழலைப் பற்றிப் பேச, மூடியிருந்த கதவு திறந்தது.

அந்தப் பட்டியலுக்கு ஒரு குறை இருந்தது. தொழிலதிபர்களும் வல்லுநர்களும் ஒரு நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையே அது சொன்னது. பிரசவ வார்டு வாசலில் நிற்கும் தாயின் அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவளைப் போன்றவர்களைக் கேட்கும் முயற்சி நம் பக்கத்து மாநிலத்தில் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1993இல் சாமுவேல் பால் பெங்களூருவில், நகரச் சேவைகளுக்கு மக்களே மதிப்பெண் போடும் கணக்கெடுப்பை நடத்தினார். பின்னர் அவர் நிறுவிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் நகரின் மகப்பேறு மருத்துவமனைகளையும் ஆராய்ந்தது. பிறந்த குழந்தையைப் பார்க்கவே காசு கொடுக்க வேண்டியிருந்தது என்பதும், ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த தொகை என்று வழக்கமே இருந்தது என்பதும் அப்போது பதிவாயின. ஊரார் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம் இப்படி ஆவணமாயிற்று.

எண்ணத் தொடங்கிய காலம்

2000த்தை ஒட்டிய பத்தாண்டுகள் எண்ணிக்கையின் காலம். உகாண்டாவில் 1990களில் பார்பரா மெக்பேக் குழுவினர் சில சுகாதார நிலையங்களுக்கு வந்துசேர்ந்த மருந்தையும் நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்தையும் ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு இடையிலேயே காணாமல் போயிருந்தது. சம்பளம் வாழ்க்கைக்குப் போதாததால் ஊழியர்கள் மருந்தை விற்றுப் பிழைத்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அன்று எல்லோர் கண்ணிலும் பட்டது முதல் செய்தி. இரண்டாவது செய்தியின் அருமை பல வருடங்கள் கழித்தே புரிந்தது.

அடுத்து ஆளில்லாத நாற்காலிகளை எண்ணினார்கள். வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, உகாண்டா, பெரு, ஈக்வடார் ஆகிய ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்த கணக்கு 2006இல் வெளிவந்தது. சுகாதார ஊழியர்களில் 35 சதவீதம் பேர் பணியிடத்தில் இல்லை. இந்தியாவில் அது 40 சதவீதம். அதே நாடுகளின் பள்ளி ஆசிரியர்களில் வராதவர்கள் 19 சதவீதம். வங்கதேசத்தைத் தனியாக ஆராய்ந்தபோது, ஒரே மருத்துவர் பொறுப்பில் விடப்பட்ட சிறு நிலையங்களில் நான்கில் மூன்று தடவை அந்த மருத்துவர் இல்லை.

பிறகு உயிர்களைக் கணக்கிட்டார்கள். 178 நாடுகளின் தரவுகளை வைத்து மத்தியூ ஹான்ஃப் குழுவினர் 2011இல் வெளியிட்ட மதிப்பீடு, ஆண்டுக்கு 1,40,000க்கும் மேற்பட்ட குழந்தை மரணங்களுக்கு ஊழலுடன் மறைமுகத் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. பணக்கார நாடுகளும் தப்பவில்லை. ஜிம் கீ, மார்க் பட்டன் ஆகியோர் மருத்துவச் செலவின் தணிக்கைகளைத் தொகுத்து 2015இல் கணித்தபடி, மோசடியாலும் தவறுகளாலும் இழக்கப்படுவது சராசரியாக 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இது ஏழை நாடுகளின் நோய் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

பிடிக்க முயன்ற காலம்

எண்ணியவர்கள் அடுத்து, திருத்தவும் முடியும் என்று நம்பினார்கள். வழி எளிது என்று தோன்றியது: கண்காணி, வந்தால் சம்பளம், வராவிட்டால் பிடித்தம். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து இதைச் செய்து பார்த்தன. கிராமச் செவிலியர் வந்துபோகும் நேரத்தை இயந்திரம் பதிவு செய்தது. முதல் ஆறு மாதங்களில் வருகை நன்றாகக் கூடியது. அப்புறம் சுகாதாரத் துறையே ‘இன்று விலக்கு’, ‘இன்று கூட்டம்’ என்று நாட்களைக் கழித்துக் கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதம் ஆனபோது திட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர் மூவரும் இந்தத் தோல்வியை மறைக்காமல் 2008இல் எழுதினார்கள். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தது. அது தந்த பதிவைப் பயன்படுத்த விரும்பாத நிர்வாகம்தான் பழுதாகியிருந்தது.

கர்நாடகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைரேகைக் கருவி வைத்துப் பார்த்த இக்பால் தாலிவாலும் ரேமா ஹன்னாவும் இன்னொரு உண்மையைக் கண்டார்கள். செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், மருந்தாளுநர்கள் வருகை உயர்ந்தது. குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகள் குறைந்தன. மருத்துவர்கள் வருகையில் மட்டும் மாற்றமில்லை. கட்டுப்பாடு மேலேறும்போது செல்வாக்கின் முன் பலவீனமாகிவிடுகிறது என்பதை எந்த மேடைப் பேச்சையும்விட இந்த ஆய்வு தெளிவாகச் சொல்கிறது.

மக்களிடமே கண்காணிப்பைக் கொடுத்தால்? உகாண்டாவில் மார்ட்டினா பியோர்க்மன், யாகோப் ஸ்வென்சன் இருவரும் ஒன்பது மாவட்டங்களின் 50 சுகாதார நிலையங்களில் ஆராய்ந்தார்கள். நிலையம் எப்படி நடக்கிறது என்ற விவரத்தை ஊர்க்கூட்டத்தில் வைத்து, மக்களும் ஊழியர்களும் சேர்ந்து பேசி ஒப்பந்தம் போடச் செய்தார்கள். 2009இல் வந்த முடிவு உலகையே வியக்க வைத்தது: ஒரே ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 33 சதவீதம் குறைந்திருந்தது. நிதி வழங்கும் அமைப்புகள் பல நாடுகளுக்கு இந்த முறையைக் கொண்டுபோயின. பத்தாண்டு கழித்து அதே உகாண்டாவில் 376 நிலையங்களில், 16 மாவட்டங்களில், வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தது. சிகிச்சைத் தரத்திலும் நோயாளிகளின் திருப்தியிலும் சிறு முன்னேற்றம் இருந்தது. நிலையத்துக்கு வருவோர் எண்ணிக்கையிலோ குழந்தை இறப்பிலோ மாற்றம் தெரியவில்லை.

இது முதல் ஆய்வைப் பொய்யாக்கிவிடவில்லை. இடையில் காலம் மாறியிருந்தது. குழந்தை இறப்பு பொதுவாகவே குறைந்திருந்தது. ஓர் இடத்தில், ஒரு காலத்தில் கிடைத்த வெற்றியை வைத்து உலகுக்கே மருந்து எழுதக்கூடாது என்ற பாடம் மிஞ்சியது. இந்தத் துறை முதிர்ச்சி அடைந்ததற்கு அடையாளமாக நான் பார்ப்பது இதைத்தான். தனக்குப் பிடித்த முடிவையே மறுபடி சோதிக்கும் துணிவு அதற்கு வந்துவிட்டது.

உறைக்குள் வைத்த நன்றி

அன்றைய சோஷலிச நாடுகளில் மருத்துவம் சட்டப்படி இலவசம். நடைமுறையில், மருத்துவர் கையில் உறை கொடுக்காமல் நோயாளியால் நிம்மதியாகப் படுக்க முடியாது. ஹங்கேரியில் இதை நன்றிப் பணம் என்றே சொன்னார்கள். சோவியத் முறை சரிந்த பிறகு இந்தப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் இரு கட்சியாக நின்றார்கள். இது பண்பாடு, நன்றியுணர்வு என்றது ஒரு தரப்பு. வறுமையும் பயமும் பிடுங்கும் பணம் என்றது மறு தரப்பு. பீட்டர் கால், மார்ட்டின் மெக்கீ இருவரும் 2004இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். குறை இருந்தால் நோயாளி வேறு இடம் போகலாம், அல்லது குரல் எழுப்பலாம். போக வேறு மருத்துவமனை இல்லை. குரல் எழுப்பினால் கேட்பாரும் இல்லை. அந்த நிலையில் மருத்துவரும் நோயாளியும் அமைப்புக்கு உள்ளேயே தங்களுக்கென ஒரு தனி வழியைத் திறந்துகொள்கிறார்கள். அந்த வழியின் நுழைவுக் கட்டணம்தான் உறை. அதைக் கொடுக்க முடியாதவன் வரிசையில் இன்னும் பின்னே போகிறான்.

இந்த விளக்கம் திருத்தத்தின் திசையையும் மாற்றுகிறது. உறையைத் தடை செய்தால் மட்டும் போதாது. உறை தேவைப்படாத நிலையை உண்டாக்க வேண்டும். ஹங்கேரி 2020இல் மருத்துவர்களின் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்திச் சட்டம் இயற்றியது. 2021 ஜனவரி 1 முதல் உறை கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. சம்பளமும் சட்டமும் ஒரே நேரத்தில் வந்தன. சம்பள உயர்வு தனியாகப் பலிக்காது, கண்காணிப்பும் உடனிருக்க வேண்டும் என்று புவனோஸ் ஐரிஸ் ஆய்வும் முன்பே காட்டியிருந்தது.

கேட்பவர்கள் மாறினார்கள்

அன்று ஆராய்ச்சி பெரும்பாலும் வாஷிங்டனிலும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் எழுதப்பட்டது. ஊழல் நடக்கும் நாடு தரவு கொடுத்தது; முடிவு வேறெங்கோ எழுதப்பட்டது. இன்று டாக்காவின் பிராக் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியும் நைஜீரியாவின் எனுகு நகரத்து ஆய்வாளர்களும் லண்டன் ஆய்வாளர்களோடு சமமாக உட்கார்ந்து கேள்விகளை வகுக்கிறார்கள். மருத்துவர்களும் தம் துறையைப் பற்றியே எழுதுகிறார்கள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்திய மருத்துவத்தின் கமிஷன் பழக்கத்தைக் கையிலெடுத்தது. பின்னர் டெல்லியின் மூத்த அறுவை மருத்துவர் சமிரன் நந்தி, முன்னாள் மத்திய சுகாதாரச் செயலர் கேசவ் தேசிராஜு, மும்பை மருத்துவர் சஞ்சய் நாக்ரல் மூவரும் இந்திய மருத்துவ ஊழல் பற்றிய கட்டுரைகளைப் பெரிய தொகுப்பாகப் பதிப்பித்தார்கள். 2019இல் பெருவின் முன்னாள் சுகாதார அமைச்சர் பாட்ரிசியா கார்சியா, லான்செட் இதழில் இதை எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் என்று எழுதி, ஒரு நோயை ஆராய்வதைப் போலவே ஊழலையும் ஆராய வேண்டும் என்று கேட்டார்.

உள்ளூரில் இருந்து கேட்பவர்களுக்கு வேறு விடை கிடைக்கிறது. வராத மருத்துவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை என்று வங்கதேச ஆய்வுகள் காட்டின. தங்கப் பாதுகாப்பான வீடில்லாத ஊருக்கு அனுப்பப்பட்ட இளம் பெண் மருத்துவரும் வருவதில்லை. கட்சிச் செல்வாக்கை வைத்துக்கொண்டு நகரத்தில் தனியார் கிளினிக் நடத்துபவரும் வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே கட்டம்தான். முதலாமவருக்கு வேண்டியது வீடும் சொந்த ஊர்ப் பக்கத்தில் பணியிடமும். இரண்டாமவரைத் தொட, அவர் பின்னால் நிற்கும் அதிகாரத்தைத் தொட வேண்டும். இருவருக்கும் ஒரே தண்டனை என்றால் முதலாமவர் வேலையை விடுவார். இரண்டாமவர் இடமாற்றத்தை ரத்து செய்துகொள்வார்.

உகாண்டாவே இதற்கும் சாட்சி. 2009இல் அதிபர் அலுவலகத்தின்கீழ் ஒரு கண்காணிப்புப் பிரிவு அமைத்தார்கள். திடீர்ச் சோதனை, கைது, தொலைக்காட்சியில் முகம் என்று நடவடிக்கைகள் நடந்தன. லஞ்சம் குறைந்தது உண்மை என்று கேரின் பைஃபர், ஹெதர் மார்க்வெட் ஆகியோரின் குழு கண்டது. ஊழியர்களின் மன உறுதி குலைந்து, மக்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான நம்பிக்கை கெட்டதையும் அதே குழு பதிவு செய்தது. அன்றைய ஆய்வு லஞ்சம் குறைந்தது என்ற வரியோடு முடிந்திருக்கும். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதையும் இன்றைய ஆய்வு கேட்கிறது.

வார்டிலிருந்து பெரிய மேசைக்கு

பார்வை விழும் இடமும் உயர்ந்திருக்கிறது. அன்று செவிலியரும் மருந்தாளுநருமே ஆராய்ச்சியின் கண்ணில் பட்டார்கள். இன்று நிறுவனங்களும் அமைச்சகங்களும் படுகின்றன. அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம், மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் தொகைகளை வெளியிடச் சொன்னது. 2014 முதல் அந்தத் தரவு யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. அதை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக 20 டாலருக்கும் குறைவான ஒருவேளைச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்ட மருத்துவர்களும் அந்த நிறுவனத்தின் மருந்தைக் கூடுதலாக எழுதுகிறார்கள் என்று காட்டியது. சாப்பாடுதான் காரணம் என்று அது அடித்துச் சொல்லவில்லை. தொடர்பு இருப்பதை மறுக்க முடியாமல் செய்தது. இந்தியாவில் மருத்துவர்கள் பரிசு வாங்குவதை மருத்துவக் கவுன்சில் விதிகள் 2009 முதல் தடுக்கின்றன. ஆனால் யார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோயாளி பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு இங்கே இல்லை. தரவு இல்லாத இடத்தில் ஆராய்ச்சியும் இல்லை.

கொரோனா காலம் அடுத்த படலத்தைத் திறந்தது. பிரிட்டனில் பாதுகாப்பு உடைகள் வாங்கியபோது, அமைச்சர்களும் எம்.பி.க்களும் பரிந்துரைத்த நிறுவனங்களுக்குத் தனி வழி இருந்தது. அதில் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. சாதாரண வழியில் வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை என்று நாட்டின் தணிக்கை அலுவலகம் 2020 நவம்பரில் கணக்குக் காட்டியது. அந்தத் தனி வழி சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வாங்கும் விவரங்களை 2016 முதலே புரோசோரோ என்ற திறந்த இணையதளத்தில் வெளியிடுவதை உக்ரைன் கட்டாயமாக்கியிருந்தது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செல்வம் மிகுந்த நாடுகள்தான் கற்றுக்கொடுக்கும் என்ற பழைய வரிசை இனி செல்லாது.

தமிழ்நாடும் இந்தக் கதைக்கு உரியது. 1994இல் பதிவாகி மறு ஆண்டு இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்து வாங்குவதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. திறந்த டெண்டர், மாவட்டக் கிடங்குகள், வெளி ஆய்வகங்களில் தரச் சோதனை, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ்புக், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட மாத்திரை அட்டை என நடுவில் கசியும் இடங்கள் ஒவ்வொன்றும் அடைக்கப்பட்டன. கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. யாரையும் நல்லவராக மாற்ற முயலாமல், தவறு செய்வதைக் கடினமாக்கியதே இதன் பலம். ஆனால் கிடங்கில் அடைத்த ஓட்டை வார்டில் தானாக அடைபடாது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும் குழந்தையைக் காட்டுவதற்கும் கை நீட்டும் பழக்கத்தை எது குறைக்கும் என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

மெலிந்து கிடக்கும் பகுதி

இத்தனை வளர்ச்சிக்கு நடுவிலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. சென்னையில் சமூக மருத்துவப் பணி செய்துவந்த மருத்துவர் ராகல் கைடோண்டேயும் அவர் குழுவும், மருத்துவ ஊழலைக் குறைக்க எடுத்த முயற்சிகளில் எது பலித்தது என்று உலக ஆய்வுகளையெல்லாம் சலித்து, 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் வழியாக அறிக்கை வெளியிட்டார்கள். கடுமையான அறிவியல் நிபந்தனைக்குள் அடங்கிய ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நிபந்தனையைத் தளர்த்திய பிறகு கிடைத்தவை ஒன்பது. ஊழல் எவ்வளவு, எப்படி என்று எழுதியவை ஏராளம். எதைச் செய்தால் குறையும் என்று சோதித்தவை ஒரு கைப்பிடி. மருத்துவர் சுதர்சனைப் பொறுப்பில் வைத்து, ஊழல் விசாரணை அமைப்பான கர்நாடக லோக் ஆயுக்தா சுகாதாரத் துறையில் எடுத்த நடவடிக்கைகள் பற்றிய ஆய்வும் அந்த ஒன்பதில் இருந்தது.

ஊழலின் காரணத்தைப் புரிந்துகொள்வது அதை மன்னிப்பதாகாது. போதாத சம்பளத்தைக் காட்டி, பிரசவ வலியில் துடிப்பவளிடம் பணம் பறிப்பதை எந்த ஆய்வும் நியாயப்படுத்தவில்லை. ‘ஏன்’ என்று கேட்பதன் பயன், தண்டனையைச் சரியான கதவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இல்லாவிட்டால் நூறு ரூபாய் வாங்கிய ஊழியர் பிடிபடுவார். டெண்டரை வளைத்தவர் விழா மேடையில் அமர்ந்திருப்பார்.

இனிச் செய்ய வேண்டியதற்கு இந்தக் கால் நூற்றாண்டே வழி காட்டுகிறது. அரசு ஒரு சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் நாளிலேயே, அது பலிக்கிறதா என்று வெளியாட்கள் சோதிக்க வழி வைக்க வேண்டும். தோற்றால் அந்தத் தோல்வியும் வெளியாக வேண்டும். கொள்முதல் விலைகளும், நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் பணமும் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். கேள்வி வகுக்கும் இடத்தில் நோயாளிக்கும் கிராமச் செவிலியருக்கும் நாற்காலி வேண்டும். புதிய மருந்து ஒன்றைச் சோதிக்காமல் மக்களுக்குக் கொடுப்பதை நாம் அனுமதிப்பதில்லை. மருத்துவமனையையே திருத்தும் திட்டங்களை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது ஏன் என்று ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின் போதும் நாம் கேட்க வேண்டும். மருத்துவமனைகள் நம் வரிப்பணத்தில் நடக்கின்றன. அங்கே படுப்பவர்களும் நம்மவர்கள்.